பொதுமக்கள் கேள்விகள், சபை அலுவலகம்

ஏப்ரல் 2

அண்ணா,

கையெழுத்தைப் பார்த்ததும் இதை மூடி வெச்சிடாதே. வீட்டு முகவரிக்கு ஆறு வருஷத்துல நான் போட்ட பதினோரு கடிதமும் பிரிக்காமலே திரும்பி வந்துச்சு. "வாங்க மறுத்தார்"னு தபால்காரர் எழுதின எழுத்து எனக்கு மனப்பாடம். மறுத்தது அம்மாதான்னு எனக்குத் தெரியும். ஆனா 'பொதுமக்கள் கேள்விகள், சபை அலுவலகம்'னு போட்டா அம்மா திருப்பி அனுப்ப முடியாது, உன் கைக்குத்தான் வரும். யார் என்ன கேட்டாலும் பதினஞ்சு நாள்ல பதில் வரும்னு நீயே மேடையில சொல்லியிருக்கே. பேப்பர்ல வந்திருக்கு.

நான் இப்ப ஒரு கர்ட்டன் கடையில துணி வெட்டுற வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யிற அக்கா அந்தப் பேப்பரைக் கொண்டுவந்து, "ஏய், சிலுவை வெக்காத கிறிஸ்தவங்கன்னு சொல்லுவியே, இது உங்க ஆளுங்கதானே?"ன்னு கேட்டாங்க. பார்த்தா, நீ. கையில மைக். முன்னாடி முடி கொட்டிப் போச்சு உனக்கு. கத்தரிக்கோலைக் கீழே வெச்சுட்டு ரொம்ப நேரம் பார்த்துட்டே இருந்தேன்.

படத்துக்குக் கீழே கேள்வியும் பதிலும் போட்டிருந்தாங்க. "உங்க சபையை விட்டுப் போனவங்களோட குடும்பத்தார் ஒட்டுறவு வெச்சுக்கக் கூடாதாமே, உண்மையா?" அதுக்கு உன் பதில்: "இல்லை. நாங்கள் எந்தக் குடும்பத்தையும் பிரிப்பதில்லை. அவரவர் தம் மனசாட்சிப்படி நடந்துகொள்கிறார்கள்."

அண்ணா, நான் பொதுமக்கள்ல ஒருத்தியாவே கேக்கிறேன். அந்தப் பதில் உண்மைன்னா, நான் அம்மாவைப் பார்க்க வரலாமா? எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. நாலு வயசு. அவளையும் கூட்டிட்டு வரலாமா?

உன் தங்கை

*

ஏப்ரல் 14

அன்புடையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் விசுவாசத்தைக் குறித்து அறிய ஆர்வம் காட்டியமைக்கு நன்றி.

எங்கள் சபை அளவில் சிறியது. சுமார் நூற்று நாற்பது பேர். குடும்ப உறவு தேவன் தந்த ஈவு என்று நம்புகிறோம். சபையை விட்டு விலகியவர்களோடு எவ்வளவு தொடர்பு வைத்துக்கொள்வது என்பது ஒவ்வொரு விசுவாசியின் மனசாட்சிக்கு உட்பட்டது. இது குறித்து எழுதப்பட்ட கட்டளை ஏதும் இல்லை. தங்களுடைய தனிப்பட்ட சூழ்நிலை குறித்து அலுவலகம் கருத்துச் சொல்ல இயலாது.

மேலும் கேள்விகள் இருப்பின் எழுதவும்.

பொதுமக்கள் தொடர்புக்காக,
சபை அலுவலகம்

(கீழே பென்சிலில்:) அம்மா நல்லா இருக்காங்க.

*

ஏப்ரல் 19

அண்ணா,

"அன்புடையீர்." அந்த ஒரு வார்த்தையைப் படிச்சுட்டு முதல்ல சிரிச்சேன். சின்ன வயசுல என் சடையைப் பிடிச்சு இழுத்தவன் எனக்கு "அன்புடையீர்"னு எழுதுறான்னு வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன். அவர் எலெக்ட்ரீஷியன், எதையும் உடனே கழற்றிப் பார்க்கிற ஆளு. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "கீழே பென்சில்ல இருக்கிறதுதான் உங்கண்ணன்"னார்.

பென்சில்ல எழுதினதுக்காக உன்னைத் திட்டாம இருக்கலாம்னு பார்த்தேன். முடியல.

எழுதப்பட்ட கட்டளை இல்லையா? சரி. அப்போ அன்னைக்கு நடந்ததை நான் எழுதுறேன், உன் அலுவலகத்துல ஃபைல் பண்ணிக்கோ. நான் யாரையும் கட்டிக்கிட்டு ஓடிப்போகல. யாரையும் ஏமாத்தல. மூப்பர்கள் முன்னாடி நின்னு, "எனக்கு நம்பிக்கை போயிடுச்சு, நம்புற மாதிரி நடிக்க எனக்கு வரலை"ன்னு சொன்னேன். பொய் சொல்லக் கூடாதுன்னு அந்தச் சபைதான் எனக்குச் சொல்லிக் கொடுத்துச்சு. அடுத்த ஞாயிறு என் பேரைச் சொல்லி, நான் இனி நம்மில் ஒருத்தி இல்லைன்னு அறிவிச்சாங்க. ஞானஸ்நானம் எடுத்துட்டு விலகினவங்களோட பந்தியில உட்காரக் கூடாது. அது எனக்கும் தெரியும். ஆனா அது ஊருக்குத்தான், வீட்டுக்கு இல்லைன்னு நினைச்சுட்டேன்.

வீட்டுக்கு வந்தா, அம்மா என் தட்டை மட்டும் அடுக்களை ஜன்னல் மேடையில வெச்சிருந்தாங்க. நான் தட்டை எடுத்துட்டு வந்து எப்பவும் போல உன் பக்கத்துல உட்கார்ந்தேன். நீ எழுந்தே. உன் தட்டைத் தூக்கிட்டு முன் ரூமுக்குப் போயிட்டே. ஒரு மாசம் அப்படி. அதுக்கப்புறம்தான் நான் பெட்டியைக் கட்டினேன்.

அம்மாவாவது படிக்காதவங்க, பயந்தவங்க. நீ? அன்னைக்கு எழுந்து போனது யாரோட மனசாட்சி? இது என்னோட அடுத்த கேள்வி. பதினஞ்சு நாள் இருக்கு.

தங்கை

*

மே 3

தங்கச்சி,

இதை அலுவலகத்துல உட்கார்ந்து எழுதல. நான் லென்ஸ் தேய்க்கிற கண்ணாடிக் கடையில, சாப்பாட்டு நேரத்துல எழுதுறேன். அலுவலகத் தாளும் இல்ல.

நீ போன பிறகு இங்க என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. ரெண்டு வருஷம் முன்னாடி நம்மளைப் பத்தி ஒரு புரளி கிளம்புச்சு. நாம பிள்ளைங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக மாட்டோமாம், ஜன்னலை மூடிட்டு என்னமோ பண்றோமாம். தொழுகை வீட்டுக் கண்ணாடியை உடைச்சாங்க. தச்சர் மூப்பரோட பேத்தி பள்ளிக்கூடத்துல தனியா உட்கார வேண்டி வந்துச்சு. பக்கத்துல உட்கார்ந்தா ஒட்டிக்குமாம். அப்போதான் மூப்பர்கள், கதவைத் திறந்து வெப்போம், எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வோம்னு முடிவு பண்ணினாங்க. நாலு பேர் முன்னாடி பேச வர்ற ஆள் நான்தான்னு என்னை நிறுத்தினாங்க.

மூணு மாசத்துக்கு ஒரு கூட்டம். வாசல்ல ஒரு பெட்டி, பக்கத்துல துண்டுச் சீட்டு. பாதிச் சீட்டுல வெறும் கிண்டல். "பாட்டுக்கு மேளம் இல்லாம எப்படித் தூங்காம இருக்கீங்க?"ன்னு ஒண்ணு. "சிலுவையை எந்தக் கடையில வித்தீங்க?"ன்னு ஒண்ணு. எல்லாத்துக்கும் சிரிச்ச முகத்தோட பதில் சொல்வேன். கூட்டம் முடிஞ்சதும் ஜனங்க கை குடுப்பாங்க. கல்லெறிஞ்ச தெருவே "பரவாயில்லப்பா, நல்ல மனுஷங்க"ன்னு சொல்லுச்சு. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. மறைக்கல.

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்ல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லைன்னு நினைச்சேன். எந்தத் தாள்லயும் அந்த விதி இல்லைதானே. உன் கடிதம் வந்த பிறகு அந்தப் பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன், கடைசி வரி வரைக்கும் போக முடியல.

தச்சர் மூப்பர்கிட்ட போய்க் கேட்டேன். "நாம சொல்றது நேர்மையா?"ன்னு. அவர் இழைப்புளியை நிறுத்தல. "கேக்கிறவங்க தெரிஞ்சுக்கவா கேக்கிறாங்க? நம்மளை அடிக்க ஒரு காரணம் தேடுறாங்க. அதை நாமே கையில எடுத்துக் குடுக்கணுமா?"ன்னார். அப்புறம் அவரா சொன்னார், அவரோட மகன் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆச்சாம். முகம் மறந்து போச்சுன்னார். மரத்தூளைத் துடைக்கிற மாதிரி கண்ணைத் துடைச்சுக்கிட்டார். அவரைக் கல்நெஞ்சுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

உன் கேள்விக்கு வர்றேன். எழுந்து போனது நான்தான். யாரும் பிடிச்சு எழுப்பல. உன் பக்கத்துல உட்கார்ந்தா என் விசுவாசம் கெட்டுடும்னு பயந்தேன். அதுக்கு மனசாட்சின்னு பேர் வெச்சுக்கிட்டேன்.

இப்போ வராதே. வந்தா அம்மா கதவைத் திறக்க மாட்டாங்க. நீ வாசல்ல நிக்கிறதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்ல.

அண்ணன்

*

மே 11

அண்ணா,

உன் கடிதத்தை மூணு நாளாப் பையிலயே வெச்சுட்டு அலைஞ்சேன். கோவமா ஒரு பதில் எழுதினேன், கிழிச்சுட்டேன்.

நீ நம்ப மாட்டே, கடையில யாராவது நம்ம சபையைக் கேலி பண்ணினா முதல்ல எனக்குத்தான் சுருக்குன்னு வரும். அந்தக் கூட்டத்துல யாருக்காவது உடம்பு முடியலைன்னா முறை போட்டுப் போய்ப் பார்த்துப்பாங்க, நீங்க யாராவது செய்வீங்களான்னு சண்டைக்குப் போவேன். நம்பிக்கை போயிடுச்சு, ஆனா பாட்டு போகல. மேளமும் ஆர்மோனியப் பெட்டியும் இல்லாம நூறு குரல் ஒண்ணாச் சேர்றதை நான் வேற எங்கயும் கேட்டதில்ல. பாத்திரம் கழுவும்போது என்னை அறியாமப் பாடிடுவேன்.

பாப்பா நேத்து கேட்டா: "அம்மா, அப்பாவோட அம்மா ஞாயித்துக்கிழமை வர்றாங்க. உன்னோட அம்மா செத்துட்டாங்களா?" இல்லைடின்னேன். "அப்போ ஏன் வரலை?" நான் அடுப்பைப் பார்த்துக்கிட்டேன். எனக்கும் உன்னை மாதிரி நல்லாப் பதில் சொல்ல வந்திருந்தா, "அது அவங்க மனசாட்சி"ன்னு சொல்லியிருப்பேன்.

அடுத்த கூட்டம் ஜூன் பன்னண்டுன்னு பேப்பர்ல பார்த்தேன். பயப்படாதே. நான் வர மாட்டேன். உன் பெட்டியில சீட்டும் போட மாட்டேன்.

தங்கை

*

ஜூன் 20

தங்கச்சி,

யாரோ சொல்லி உனக்குத் தெரியறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். என்னை விலக்கி வெச்சுட்டாங்க.

பன்னண்டாம் தேதி கூட்டத்துக்கு நல்ல ஜனம். அம்மா மூணாவது வரிசையில இருந்தாங்க. பதினேழாவது சீட்டோ என்னமோ, அதே கேள்வி வந்துச்சு. எப்பவும் சொல்ற பதிலையே சொன்னேன். சரளமாத்தான் வந்துச்சு. பின்வரிசையிலிருந்து பேப்பர்காரப் பொண்ணு எழுந்து, மரியாதையாத்தான் கேட்டா: "ஐயா, உங்க வீட்டுல யாராவது விலகியிருக்காங்களா?"

இல்லைன்னு சொல்லியிருக்கலாம். அது சொந்த விஷயம்னு சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லணும்னுதான் எங்களுக்குப் பழக்கியிருக்காங்க. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா குனிஞ்சு கைக்குட்டையை மடிச்சுட்டு இருந்தாங்க.

"ஆமா. என் தங்கை"ன்னேன். "விதி எழுதல, ஆனா இருக்கு. நாங்க சின்னதுலயே கத்துக்கிறோம். அவ ஒரு தப்பும் பண்ணல, நம்பிக்கை இல்லைன்னு உண்மையைச் சொன்னா. நான் அவளோட ஒரே பந்தியில உட்காராம எழுந்து போனேன். ஆறு வருஷமா அவ கடிதத்தைத் திருப்பி அனுப்பினவனும் நான்தான், அம்மா இல்லை. இவ்வளவு நாள் உங்களுக்கு நான் சொன்ன பதில் பாதிப் பதில்."

அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த சீட்டை எடுக்கக் கை வரல.

சனிக்கிழமை மூப்பர்கள் மூணு பேரும் வீட்டுக்கு வந்தாங்க. சத்தம் போடல. "உணர்ச்சிவசப்பட்டுப் பேசிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடு, போதும்"னாங்க. விசுவாசம் எனக்கு இன்னும் இருக்கு, தங்கச்சி. ஜெபம் பண்றேன். ஆனா அந்த ஒரு வரி எழுத வரல. தச்சர் மூப்பர் போகும்போது என் தோள்ல கை வெக்கப் பார்த்து, எடுத்துக்கிட்டார். ஞாயித்துக்கிழமை என் பேரை அறிவிச்சாங்க.

இதைவிட மோசம் ஒண்ணு நடந்துச்சு. நான் பேசினதைப் பேப்பர்ல 'குடும்பங்களை உடைக்கும் கூட்டம்'னு கொட்டை எழுத்துல போட்டுட்டாங்க. செவ்வாய்க்கிழமை தச்சர் மூப்பர் வீட்டு ஜன்னலை உடைச்சிருக்காங்க. பேத்தி கையில தையல் போட்டிருக்கு. அவர் சொன்னது சரியாப் போச்சு. உண்மையைச் சொன்னதுக்கு நான் வருத்தப்படல. ஆனா அந்தப் பிள்ளை கையை நினைச்சா சாப்பிட முடியல.

அம்மா இப்போ என் தட்டை ஜன்னல் மேடையில வெக்கிறாங்க. நான் எடுத்துட்டு முன் ரூமுக்கு வந்துடறேன். அடுக்களைக் கதவைச் சாத்திக்கிட்டு அவங்க சாப்பிடறாங்க. அந்த ஒரு மாசம் உனக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்போதான் எனக்குத் தெரியுது. இதுக்கு மன்னிப்புன்னு கேட்டா அது ரொம்பச் சின்ன வார்த்தை.

அண்ணன்

*

ஜூன் 27

அண்ணா,

பெட்டியைக் கட்டிட்டு இங்க வந்துடு. ஒரு ரூம் இருக்கு. வீட்டுக்காரர் ஏற்கெனவே அதுல ஃபேன் மாட்டிட்டார். கண்ணாடிக் கடை இந்த ஊர்லயும் இருக்கு.

உன் கடிதத்தைப் படிச்சு நான் சந்தோஷப்படணுமா அழணுமான்னு தெரியல. அம்மாவைக் கேட்டு எழுதினேன், நீ கிடைச்சே. ஆனா அம்மா இப்போ முன்னைவிடத் தனியா ஆயிட்டாங்க. கடிதத்தைத் திருப்பினது நீதான்னு படிச்சதும் தாளைக் கீழே வெச்சுட்டு எழுந்து போயிட்டேன். இவ்வளவு நாள் அம்மாவைத் திட்டிட்டு இருந்திருக்கேனே. அப்புறம் திரும்ப வந்து மீதியைப் படிச்சேன். அவ்வளவுதான் அதைப் பத்தி இப்போதைக்கு என்னால எழுத முடியும்.

அந்தப் பேப்பருக்கு ஒரு கடிதம் போட்டேன். "விலக்கப்பட்ட தங்கை நான்தான். எனக்காக யாரும் கல்லெடுக்க வேண்டாம். அந்த வீடுகள்ல இருக்கிறவங்க எங்க ஜனங்க"ன்னு. அவங்க அதைப் போடல. ரெண்டு வாட்டி ஃபோன் பண்ணிக் கேட்டேன், இடம் இல்லையாம்.

வந்துடு.

தங்கை

*

ஜூலை 18

தங்கச்சி,

உடனே வர முடியாது. ஏன்னு சொல்றேன்.

அம்மா என்கிட்ட தேவையான பேச்சு மட்டும் பேசறாங்க. அதுக்கு அனுமதி உண்டு. "மாவு தீர்ந்துடுச்சு." "தண்ணி மோட்டாரை நிறுத்து." கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சுவர்கிட்ட சொல்ற மாதிரி சொல்வாங்க. நேத்து சாயங்காலம் நான் முன் ரூம்ல இருந்தேன். அவங்க அடுக்களையில பாத்திரம் தேய்ச்சுட்டு இருந்தாங்க. சத்தம் நின்னுச்சு.

"அந்தக் குழந்தை யார் ஜாடை?"ன்னாங்க.

முதல்ல எனக்குப் புரியல. உனக்கு ஒரு பொண்ணு இருக்கான்னு போன மாசம் கதவுக்கு வெளியே நின்னு சொல்லியிருந்தேன். புரிஞ்சதும் எழுந்து கதவுகிட்ட போயிட்டேன். "தெரியலம்மா. நான் பார்த்ததில்ல"ன்னேன்.

"எழுதிக் கேட்டுச் சொல்லு"ன்னாங்க. பாத்திரம் தேய்க்க ஆரம்பிச்சுட்டாங்க.

ஆறு வருஷத்துல அவங்க உன்னைப் பத்தி வாய் திறந்தது இதுதான் முதல் தடவை. அதனால இது நான் கேக்கிற கேள்வி இல்ல. அம்மா கேக்கிறாங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசிச்சுக் காட்டணும். அதை மனசுல வெச்சு எழுது.

அண்ணன்

*

ஜூலை 24

அம்மா,

பாப்பா உங்க ஜாடைதான். நெத்தி அப்படியே உங்க நெத்தி. கோவம் வந்தா உங்களை மாதிரியே பேசாம துணியை மடிக்க ஆரம்பிச்சுடுவா, நாலு வயசுல! கால் மட்டும் அவங்கப்பா, தட்டையா இருக்கும். செருப்பை எப்பவும் இடம் வலம் மாத்தித்தான் போடுவா. சொன்னா, "இதுக்குத் தெரியாதும்மா"ன்னு செருப்பைக் காட்டுவா.

நல்லாச் சாப்பிடறா. போன மாசம் காய்ச்சல் வந்துச்சு, சரியாயிடுச்சு. இருட்டுன்னா பயம் இல்ல, பலூன்னா பயம்.

நம்ம பாட்டெல்லாம் பாடுவா. நான் வேணும்னு சொல்லிக் குடுக்கல, கேட்டுப் பிடிச்சுக்கிட்டா. "மேய்ப்பரே"ங்கிற இடத்துல "மேசையே"ன்னு பாடறா. நான் திருத்தல.

நான் நல்லா இருக்கேன் அம்மா. அவர் நல்லவர், நம்மளை மாதிரி சண்டையைப் பேசாம போடத் தெரியாது, கத்திட்டு அஞ்சு நிமிஷத்துல மறந்துடுவார். உங்க மேல எனக்குக் கோவம் இருந்துச்சு. இப்போ இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா உங்களைப் பார்க்கணும்னு இருக்கிறது அதைவிட அதிகம்.

வேற என்ன தெரியணும்? எதை வேணும்னாலும் கேளுங்க.

உங்க பொண்ணு

*

ஆகஸ்ட் 5

தங்கச்சி,

கடிதம் வியாழக்கிழமை வந்துச்சு. அம்மா கதவை ஒரு சாண் திறந்து வெச்சு, உள்ளே ஸ்டூல்ல உட்கார்ந்தாங்க. நான் நடையில நின்னு வாசிச்சேன். முகம் தெரியல, முழங்கையும் முந்தானையும் மட்டும் தெரிஞ்சுச்சு. "மேசையே"ன்னு வந்ததும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை காலமாச்சு! செருப்பு வர்ற இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னாங்க. மூணு தடவை வாசிச்சேன். காய்ச்சலுக்கு என்ன மருந்து குடுத்தான்னு கேட்டாங்க. நான் உனக்கு உடனே எழுதிடலாம்னு தாளெல்லாம் எடுத்து வெச்சுட்டேன்.

ஞாயித்துக்கிழமை அம்மா தொழுகைக்குப் போயிட்டு வந்தாங்க. அடுக்களைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. உள்ளேயிருந்து சொன்னாங்க:

"நான் மூப்பர்கிட்ட சொல்லிட்டேன்."

"என்னம்மா சொன்னீங்க?"

"கடிதம் கேட்டதை. மறைக்க எனக்கு வரல."

யாருக்கும் தெரிஞ்சிருக்காது, தங்கச்சி. அவங்களாப் போய்ச் சொல்லியிருக்காங்க. பொய் சொல்லக் கூடாதுன்னு நீ எங்கேயிருந்து கத்துக்கிட்டேன்னு எனக்கு அப்போதான் உறைச்சுது. தச்சர் மூப்பர் திட்டலையாம். "ஒரு தடவை கேட்டாச்சுல்ல, போதும்மா"ன்னு மட்டும் சொன்னாராம்.

"இனிமே வாசிக்காதே"ன்னாங்க அம்மா.

"அவர் சொன்னதுக்காகவா?"

"இல்ல. கேட்டா இன்னும் கேக்கணும்னு இருக்கு. அப்புறம் பார்க்கணும்னு வரும். இந்த வயசுல இதை விட்டுட்டு நான் எங்கடா போவேன்? அங்க இருக்கிற எல்லாரும்தான் எனக்கு மனுஷங்க." அப்புறம், "அவகிட்ட கோவமா எழுதாதே. பக்குவமா எழுது"ன்னாங்க.

இதைப் பக்குவமா எழுதறது எப்படின்னு நாலு நாளா யோசிச்சேன். எனக்குத் தெரியல. நடந்ததை அப்படியே எழுதிட்டேன்.

புதன்கிழமை காலைப் பஸ்ல உன்கிட்ட வர்றேன். பாப்பாவைப் பார்க்கணும். ஒரு வாரம் இருப்பேன். அதுக்கு மேல இருக்கச் சொல்லாதே, திரும்பி வரணும். கேஸ் சிலிண்டர் இன்னும் ரெண்டு வாரம்தான் வரும், அம்மாவால தனியா அதை மாத்த முடியாது.

அண்ணன்